கேபிள் மோடத்துக்கு ஒரு சோபா

தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் தேசிய மோடம் வாரியத்தில் இணையம் கிடையாது. அதை ஒரு குறையாக அங்கே யாரும் சொல்வதில்லை. மோடம்களை வகை பிரிப்பதுதான் வாரியத்தின் வேலை, அவற்றைப் பயன்படுத்துவது அல்ல. வகைக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு துணை இயக்குநர், துணை இயக்குநருக்கு ஒரு கார் என்று எல்லாம் ஒழுங்காகப் பிரிந்து கிடந்தன. டெலிபோன் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டு வரும் கிழட்டு மோடத்துக்குத் தரைத்தளம். அதே கம்பியில் சத்தம் போடாமல், நடுவில் யாராவது போனில் பேசினாலும் அறுந்து போகாமல் வரும் மோடத்துக்கு முதல் மாடி. டிவி கேபிளில் வருவதற்கு அதற்கு மேல். கண்ணாடி இழையில் வெளிச்சமாக ஓடி வருவதற்கு அதற்கும் மேல். சிம் அட்டை செருகும் விரல் நீளக் குச்சிக்கு ஒரு மாடி முழுவதும். வானத்தைப் பார்த்துத் தட்டு வைக்கும் சாட்டிலைட் மோடத்தை, நியாயமாகவே, மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் ஓடாததால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைப் பார்த்துப் பல காலம் ஆயிற்று.

இந்த வாரியத்திடம்தான் நமிசுகு மேல்நிலைப் பள்ளி ஒரு சாட்டிலைட் மோடம் கேட்டு மனுப் போட்டிருந்தது. பேராசையால் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்கு டெலிபோன் கம்பி வந்ததில்லை. கேபிள் டிவி வந்ததில்லை. கண்ணாடி இழையைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எவரும் இல்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கரையான் புற்று மேட்டில் ஏறி நின்றால் செல்போனில் பாதிப் பேச்சு கேட்கும், இணையப் பக்கம் எதுவும் இறங்காது. வானம் மட்டும் வேண்டிய அளவு இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதெல்லாம் இணையத்தில் என்று ஆகிவிட்ட பிறகு, நமிசுகு பிள்ளைகள் மாவட்டத் தலைநகரான போமாவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. போக வசதி உள்ளவர்கள் விண்ணப்பித்தார்கள். மற்றவர்கள் படிப்பை முடித்துக்கொண்டு சோளக்கொல்லைக்குப் போனார்கள். இந்த ஆண்டு எனெலெசி இருந்தாள். பள்ளி வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்கும் எசினாத்தியின் மகள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மதிப்பெண்ணும் இருந்தது. இல்லாதது மோடம் ஒன்றுதான்.

புவியியல் வாத்தியார் ஃபைசனுக்கு மூக்குக் கண்ணாடி இருந்ததால் கம்ப்யூட்டர் அறையும் அவர் பொறுப்பில் வந்திருந்தது. அதனால் வாரியம் ஏரிக்கரை ஓட்டலில் நடத்திய பயிற்சி முகாமுக்கும் அவரையே அனுப்பினார்கள். தலைப்பு: மோடம் வகைகளும் அவற்றின் வேறுபாடுகளும்.

முகாமின் முதல் நாள் முழுவதும் அறிமுகத்தில் போயிற்று. மறுநாள் வாத்தியார்களை ஆறு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரு மோடமாக நடிக்க வேண்டும் என்றார்கள். டெலிபோன் கூட்டம் வாயாலேயே கீச்சிட்டது. சாட்டிலைட் கூட்டம் நாற்காலிகள் மேல் ஏறிக் கைகளை வானத்துக்கு விரித்தது. ஃபைசன் கேபிள் கூட்டத்தில் அகப்பட்டார். அவர் கையில் ஒரு கயிற்றின் நுனியைக் கொடுத்தார்கள். மறு நுனியைப் பிடிக்க ஆள் ஒதுக்கவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் அவர் கயிற்றோடு நின்றார்.

பிறகு வாரியத்தின் இயக்குநர் முனைவர் லிகோயா எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். பொரித்த ஏரி மீனைச் சாப்பிட்ட திருப்தி முகத்தில் இருந்தது.

"இன்னைக்கு நாட்டுல என்ன நடக்குது?" என்று ஆரம்பித்தார். "எங்க பாத்தாலும் சாட்டிலைட் வேணும், சாட்டிலைட் வேணும்னு ஒரே கூச்சல். கேபிள் மோடம் என்ன பாவம் பண்ணிச்சு? வாங்குன நாள்லேர்ந்து நம்ம கிடங்குல தூசி படிஞ்சு கெடக்கு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் அதைக் கேக்கல. மோடத்துக்குள்ள உசத்தி தாழ்த்தி பாக்குற நாடு உருப்படுமா? அதனாலதான் ஒரு முடிவு எடுத்திருக்கோம். எது கேட்டாலும் இனி கேபிள்தான். அது தீர்ற வரைக்கும்."

கைதட்டல் ஓய்ந்ததும் ஃபைசன் மெல்லக் கையை உயர்த்தி, ஐயா என்பதை ஊர் வழக்கில் சொல்லி ஆரம்பித்தார். "ப்வானா, எங்க ஊர்ல கேபிள் கிடையாது. அந்த ஒயரைக் கொண்டுபோய் எங்க மாட்டுறது?"

கேபிள் பிரிவின் துணை இயக்குநர் அம்மாள் பூரித்துப்போனார். "அருமையான கேள்வி. ஆனா அது ஒயர் வாரியத்துக் கேள்வி, வாத்தியாரே. நாங்க மோடம். போன வருஷப் பந்து மேட்ச்லேர்ந்து அவங்களோட எங்களுக்குப் பேச்சு இல்ல."

"அப்ப மோடம் வேலை செய்யாதேம்மா."

இயக்குநரே பதில் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அறியாப் பிள்ளையிடம் பேசும் பரிவு இருந்தது. "தம்பி, மோடத்தோட வேலை என்ன? போய்ச் சேர்றது. சேந்துட்டா எங்க பார்வையில ஊர் இணைஞ்சாச்சு. அதுக்கு மேல அது என்ன செய்யுதுன்னு நாங்க எட்டிப் பாக்குறது மரியாதையா?"

ஃபைசன் உட்கார்ந்துகொண்டார். பயிற்சி பெற்றவர் என்று ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள்.

சொன்னபடி நமிசுகுவுக்குக் கேபிள் மோடம் ஒதுக்கப்பட்டது. நாட்டுப்புறத்தில் தொடங்கி வைக்கப்படும் முதல் கேபிள் மோடம் என்பதால் இயக்குநரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியர் கம்வெண்டோவுக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவர்கள் வந்தால் ஊரில் உள்ள சோபாக்கள் எல்லாம் வீட்டை விட்டுப் புறப்பட்டு மைதானத்துக்கு வந்தாக வேண்டும். பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள், கொக்கிப் பின்னல் விரிப்போடு. எல்லோரும் சோபாவில் அமரும்போது மோடத்தை மட்டும் வெறும் மேஜையில் வைப்பது அவமரியாதை என்று கம்வெண்டோவுக்குத் தோன்றியது. எசினாத்தியின் ஒற்றைச் சோபா மோடத்துக்கு என்று முடிவாயிற்று.

"வாத்தியாரே, என் சோபாவுல யாரு உக்காரப் போறாங்கன்னு சொன்னீங்க?" என்று சுமையை இறக்கிவைத்தபடி கேட்டாள் எசினாத்தி.

"மோடம்."

"நல்லதாப் போச்சு. போன தடவை அந்தக் குண்டு அதிகாரி உக்காந்து ஸ்பிரிங்கை ஒடச்சிட்டுப் போனாரு." விரிப்பைத் தட்டிச் சரிசெய்தாள். "எனெலெசியோட விண்ணப்பம் அந்தப் பொட்டி வழியாத்தான் போகும்னா, தலகாணி வேணும்னாலும் கொண்டாறேன். வேலை செய்யுமில்ல?"

ஃபைசன் கண்ணாடியைத் துடைத்தார்.

அதே கேள்வியை அவர் தலைமையாசிரியரிடம் வேறு விதமாகக் கேட்டார். "சார், இயக்குநர் தன் முன்னாடியே போட்டுக் காட்டச் சொன்னா என்ன பண்றது? ஒண்ணுமே வராது."

கம்வெண்டோ கதவைச் சாத்தினார். "ஃபைசன், அவ்வளவு தூரத்துலேர்ந்து ஒருத்தர் சாமான் கொண்டுவந்து குடுக்கிறார். நம்ம முற்றத்துல வச்சு அவர் முகம் வாடணுமா? குடுத்ததை ரெண்டு கையாலயும் வாங்கணும், நன்றி சொல்லணும், கோழி அடிச்சுப் போட்டு அனுப்பணும். குறை சொல்றதுன்னா அப்புறமா, பதவிசா எழுதிக்கலாம்."

"எழுதினா அனுப்புவாங்களா சார்?"

"மாட்டாங்க. ஆனா அவர் முகம் வாடாதில்ல?"

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது விளங்காத பேச்சு அல்ல. விருந்தாளி கொண்டுவந்த சேவல் செத்தே கிடந்தாலும் தூங்குகிறது என்று சொல்லி வாங்கிக்கொள்ளும் மக்கள் அவர்கள். ஆனால் கம்வெண்டோ மௌனமாக இருக்கத்தான் சொன்னார். அதற்கு மேல் செய்தது முழுக்க ஃபைசனின் சொந்த மூளை. அவர் சைக்கிளில் போமாவுக்குப் போனார். இணையக் கடையில் வாரியத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அப்படியே ஒரு பென் டிரைவில் பிடித்துக்கொண்டு வந்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். பொத்தானைத் தட்டினால் பக்கம் திறக்கும். இணையம் போலவே இருக்கும். திரும்பி வரும் வழியில் அவருக்கு அது ஒரு கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தோன்றியது.

விழா நன்றாக நடந்தது. மோடம் படம் அச்சடித்த துணியைப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். ஜெனரேட்டர் இரைந்தது. சோபாவில் வீற்றிருந்த மோடத்தில் ஒரு பச்சை விளக்கு நிலையாக எரிய, ஒரு ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. ஊர்த் தலைவர் அது என்ன என்று விசாரித்தார். கேபிள் வருகிறதா என்று மோடம் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"அது வணக்கம் சொல்லுது," என்றார் துணை இயக்குநர் அம்மாள்.

ஊர்த் தலைவர் பதில் வணக்கமாக இரண்டு கைகளையும் குவித்து மெல்லத் தட்டினார்.

பிறகு ஃபைசன், மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்த பள்ளிக் கம்ப்யூட்டரின் பொத்தானைத் தட்டினார். பக்கம் திறந்தது. திரை முழுக்க முனைவர் லிகோயாவின் புகைப்படம் சிரித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. இயக்குநர் சோபாவை விட்டு எழுந்து, கிட்டே வந்து, தன் முகத்தைத் தானே விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"இதை நான் பாத்ததே இல்லை," என்றார். "நம்ம ஆபீஸ்ல இது திறக்காது. இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு சொன்னாங்க, நம்பினேன். இன்னைக்குத்தான் பாக்குறேன். நல்லா இருக்கேன் இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கீங்க ப்வானா," என்றார் ஃபைசன்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "பயிற்சி முகாம்ல இந்த வாத்தியார் ஒரு கேள்வி கேட்டாரு. ஒயரை எங்க மாட்டுறதுன்னு. இன்னைக்கு அவரே பதில் காட்டிட்டாரு. ஒயர் தேவையில்லை. மனசு இருந்தாப் போதும். நமிசுகு முழுசா இணைஞ்சிருச்சுன்னு இந்த இடத்துல அறிவிக்கிறேன். சாட்டிலைட் வேணும்னு நீங்க போட்ட மனு இருக்கு பாருங்க, அது வரிசையில மேல வந்துட்டு இருந்துச்சு. அடுத்த மாசம் உங்க முறை. அதை ரத்து பண்ணிட்டேன். இல்லாதவங்களுக்குப் போகட்டும்."

கூட்டம் இதற்கும் ஆர்ப்பரித்தது. எசினாத்தி நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டது எல்லாக் குலவைக்கும் மேலாகக் கேட்டது. இயக்குநர் ஃபைசனின் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். ஃபைசன் சிரித்தார். அப்போதே, அந்த மைக்கை வாங்கி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இயக்குநரின் முகம் வாடவில்லை.

அந்த வாரமே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் சோள மூட்டை ஏற்றிய பிக்கப்பில் தொற்றிக்கொண்டு போமாவுக்குப் போய் வழக்கம்போல் விண்ணப்பித்துவிட்டு வந்தார்கள். எனெலெசி போகவில்லை.

"எதுக்கு சார் போகணும்? நம்ம ஸ்கூல்லயே இருக்கே," என்றாள், துவைத்துத் தேய்த்த சீருடையில் சான்றிதழ்களோடு வந்து நின்று.

"ஆமா," என்றார் ஃபைசன். "இன்னைக்கு மேகமா இருக்கு. நாளைக்கு வா."

மேகத்துக்குப் பயப்படுவது சாட்டிலைட் மோடம். கேபிள் மோடத்துக்கு மேகமும் வெயிலும் ஒன்றுதான். பயிற்சியும் சான்றிதழும் தொப்பியும் பெற்றவர் என்ற முறையில் இது அவருக்கு நன்றாகவே தெரியும். பொய்யைக்கூட வகை மாற்றிச் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுவதும் கூசினார். மறுநாள் காற்று அதிகம் என்றார். அடுத்த நாள் தலைநகரில் ஏதோ கோளாறு என்றார். அவள் ஒவ்வொரு முறையும் முழங்காலை லேசாக மடக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எசினாத்தி காலையில் அவருக்கு மாவு உருண்டையைச் சுடச்சுட இலையில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள். அதை அவரால் சாப்பிடவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் விடிந்ததும் அவர் சைக்கிளோடு எசினாத்தியின் வீட்டு வாசலில் போய் நின்றார். போமாவில் தனக்கு வேலை இருக்கிறது, எனெலெசியையும் கூட்டிப் போகிறேன், அங்கே வேகம் அதிகம் என்றார். இதுவும் பொய்தான், ஆனால் கொஞ்சம் உபயோகமான பொய். எனெலெசி பின் கேரியரில் உட்கார்ந்தாள்.

மலைச் சரிவில் இறங்கும்போது, அவள் முகம் தெரியாததால் தைரியம் வந்து, சொல்லிவிட்டார்.

"எனெலெசி, அந்த மோடம் வேலை செய்யல. ஒரு நாளும் செஞ்சதில்ல. அன்னைக்கு நான் காட்டினது பென் டிரைவ்ல கொண்டுவந்த பக்கம்."

"தெரியும் சார்."

சைக்கிள் ஒரு முறை தடுமாறியது. "எப்படித் தெரியும்?"

"சோபாவை நான்தானே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். மோடத்தோட கேபிள் ஒயரு மெத்தைக்கு அடியில சுருட்டிச் சொருகியிருந்துச்சு. எங்கயும் போகல."

"பின்ன ஏன் நீ அவங்களோட பிக்கப்ல போகல?"

"நாளைக்கு வான்னு சொன்னீங்களே சார். வேற ஏதாவது வழி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

சைக்கிளை நேராகப் பிடித்து ஃபைசன் போமா வரைக்கும் மிதித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது அவருக்கு.

இணையக் கடையை நடத்தும் ஹேஸ்டிங்ஸ் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது: முனைவர் லிகோயா, அவர் கைக்குள் ஃபைசன், நடுவில் சோபாவில் மோடம். 'நமிசுகுவால் முடிந்தது, உங்களால் முடியாதா?' என்று கீழே எழுதியிருந்தது.

"வாங்க வாங்க, பெரிய ஆளு," என்றான். எனெலெசியின் சான்றிதழ்களை வாங்கித் தட்டத் தொடங்கினான். பள்ளியின் பெயரைத் தட்டியதும் திரை சிவப்பாயிற்று. ஹேஸ்டிங்ஸ் தலையைச் சொறிந்தான்.

"அட, நீங்க இணைஞ்ச பள்ளியாச்சே. முந்தாநாள்தான் வாரியத்துலேர்ந்து புது உத்தரவு. இணைஞ்ச பள்ளிப் பிள்ளைங்க அவங்கவங்க பள்ளி மோடத்துலேர்ந்துதான் அனுப்பணும். வெளியிலேர்ந்து அனுப்பினா வாரியத்துக்கு அவமானமாம். இங்கேர்ந்து எடுக்காது சார்."

"இன்னைக்குத்தானேப்பா கடைசி நாள்," என்றார் ஃபைசன்.

"அதுக்கென்ன, வெயில் சாயறதுக்குள்ள ஊருக்குப் போய் உங்க மோடத்துலயே அனுப்பிடலாமே." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இல்ல... மோடம் வேலை செய்யலையா? அப்படின்னா ஒரு வழி இருக்கு. வேலை செய்யலன்னு பிள்ளை சொன்னா, இந்த இடத்துல தட்டிவிடுவேன். விண்ணப்பம் உள்ள போயிடும், பரிசீலனையில நிக்கும். ஆனா வாரியத்துக்கும் தபால்ல தகவல் போயிடும். இயக்குநர் நேர்ல பாத்த மோடம் எப்படி வேலை செய்யாமப் போச்சுன்னு விசாரணை வரும். யாரு போட்டுக் காட்டினாங்கன்னு கேப்பாங்க." சுவரில் இருந்த படத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. "என்னம்மா, உங்க ஸ்கூல் மோடம் வேலை செய்யுதா, செய்யலையா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எனெலெசி முதலில் ஹேஸ்டிங்ஸைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். ஃபைசன் வாயைத் திறந்தார். வேலையை நினைத்தார், பள்ளி கொடுத்திருந்த வாத்தியார் வீட்டை நினைத்தார், படத்தில் தன் தோள் மேல் இருந்த கையை நினைத்தார். சொல்ல வேண்டிய வார்த்தை சின்ன வார்த்தைதான். அது வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"வேலை செய்யுதுண்ணே. நல்லாவே செய்யுது. நாங்க போய் அங்கேர்ந்தே அனுப்பிக்கிறோம்."

"அப்ப சரி," என்றான் ஹேஸ்டிங்ஸ், நிம்மதியோடு. சான்றிதழ்களை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் முழங்காலை மடக்கி நன்றி சொன்னாள். ஃபைசனின் வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. இப்போதும் சொல்லலாம், கடை அங்கேதான் இருந்தது, வரிசை அங்கேதான் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தார்.

அவள் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெருவைத் தாண்டி, ஊர் திரும்பும் பாதை மேலே ஏறத் தொடங்கியது.

"சார், மேட்டுல நான் இறங்கி நடந்துக்கிறேன்," என்றாள் பின்னாலிருந்து. "உங்களுக்கு மிதிக்கக் கஷ்டமா இருக்கும்."

"பரவால்ல, உக்காரு," என்றார் ஃபைசன். திரும்பிப் பார்க்காமல், பார்க்க முடியாமல், அவர் மிதித்துக்கொண்டே போனார்.